ஜிம் வலி: எது சாதாரணம், எது காயம்? தசை, தசைநாண் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்றைக்கு ஜிம்மில் ‘டப்’ என்று ஏதோ அறுந்த மாதிரி இருந்து, அந்தப் பயத்தில் இங்கே வந்திருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நேராக “சத்தம் கேட்டது” என்று தொடங்கும் கேள்விக்குப் போங்கள். அவ்வப்போது வலிக்கிறது, ஏன் என்று புரியவில்லை என்பவர்கள் வரிசையாகவே படிக்கலாம்.

எடைப்பயிற்சி அவ்வளவு ஆபத்தானதா?

இல்லை. பாடிபில்டிங் பாணிப் பயிற்சியில் 1000 மணி நேரத்துக்கு ஒரு காயம் அல்லது அதற்கும் குறைவு என்பதுதான் ஆய்வுகளில் தெரிகிற கணக்கு. பவர்லிஃப்டிங்கிலும் ஒலிம்பிக் பளுதூக்குதலிலும் ஏறத்தாழ ஒன்று முதல் நான்கு வரை. கால்பந்து ஆட்டத்தில் இது பல மடங்கு அதிகம். எடைப்பயிற்சியில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே வரும் தொல்லைகளில் நிறைய, ஒரு நொடியில் வருபவை அல்ல. வாரக்கணக்கில் சேர்ந்து, சின்னச் சின்னதாகச் சொல்லிப் பார்த்து, யாரும் காதில் வாங்காததால் பெரிதானவை.

தசையில் அடிபட்டால் என்ன, தசைநாணில் அடிபட்டால் என்ன? எல்லாம் வலிதானே?

தசை சுருங்கி இழுக்கிறது. அந்த இழுப்பை எலும்பில் கொண்டு சேர்ப்பது தசைநாண். குதிகாலுக்கு மேலே விரலால் பிடித்துப் பார்த்தால் தட்டுப்படுகிற அந்தக் கெட்டியான நாண்தான் நல்ல உதாரணம். தசைக்கு ரத்த ஓட்டம் தாராளம். அதனால் அடிபட்டால் வீங்கும், கன்றிப்போகும், ஆனால் சீக்கிரம் ஆறும். தசைநாண் பெரும்பாலும் கொலாஜன் இழைகளால் ஆனது, ரத்த ஓட்டம் குறைவு, எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும்.

எவ்வளவு மெதுவாக என்பதற்கு ஒரு விசித்திரமான சான்று உண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறியது, பிறகு ஆண்டுக்காண்டு இறங்கியது. உடம்பில் எந்தத் திசு எந்தக் காலத்தில் உருவானது என்பதை அந்த அளவை வைத்துக் கணிக்கலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் இந்த முறையில் குதிநாணைப் பரிசோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். நாணின் உட்பகுதி சுமார் 17 வயதுக்குள் கட்டி முடிந்துவிடுகிறது, அதன்பின் கிட்டத்தட்டப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. தசையில் அப்படி இல்லை, அது ஆயுள் முழுவதும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது.

அதற்காகத் தசைநாண் பலப்படவே படாது என்று அர்த்தமில்லை. கனமான எடையைத் தொடர்ந்து கொடுத்தால் அதன் விறைப்பும் தாங்கும் திறனும் கூடும். ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வர மூன்று மாதம் போலப் பிடிக்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கோ முதல் ஆறு வாரத்திலேயே எடை கிடுகிடுவென ஏறுகிறது, ஏனென்றால் அப்போது பெரும்பாலும் பழகுவது நரம்பு மண்டலம். இறைக்கிறவன் பலசாலியாகிவிட்டான், கிணற்றுக் கயிறு இன்னும் பழையதேதான். இந்தப் பக்கத்தில் மற்ற எதை மறந்தாலும், இந்த இரண்டு வேகங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் மறக்காதீர்கள்.

ஃபார்ம் சரியில்லை, அதனால்தான் காயம் என்கிறார் மாஸ்டர். சரியா?

பாதி சரி. கோணலான ஃபார்மில் 20 கிலோ தூக்கிப் பத்து வருடமாக எதுவும் ஆகாதவர்கள் ஏராளம். கச்சிதமான ஃபார்மில் தூக்கித் தோள் போனவர்களும் இருக்கிறார்கள். பெரிய காரணம் தாவல். உடம்பு போன மாதம் வரை பழகியிருந்த சுமைக்கும் இன்றைக்கு நீங்கள் கொடுக்கிற சுமைக்கும் உள்ள தூரம்தான் அது. எடையைக் கூட்டினால் மட்டும் தாவல் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் செய்ததை ஐந்து நாளாக்குவது, ஒரே நாளில் செட்டுகளை இரட்டிப்பாக்குவது, இதுவரை செய்யாத ஒரு பயிற்சியை முழு மூச்சில் தொடங்குவது எல்லாமே தாவல்தான்.

இதைத் தெளிவாகக் காட்டிய சம்பவம் அமெரிக்காவில் நடந்தது. 2011இல் அங்குள்ள தேசிய கால்பந்து லீக்கில் (பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து) அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் தகராறு. மாதக்கணக்கில் வீரர்கள் அணியின் பயிற்சிக்கூடத்துக்குள் போக முடியவில்லை. தகராறு முடிந்து முகாம் தொடங்கிய முதல் 12 நாட்களில் 10 வீரர்களுக்குக் குதிநாண் காயம். உலகத்திலேயே வலுவான கால்கள் அவை. பலம் இருந்தது, பழக்கம் விட்டுப்போயிருந்தது.

நம் ஊரில் இதற்கு வேறு முகங்கள். டைஃபாய்டிலோ டெங்குவிலோ மூன்று வாரம் படுத்துக் கிடந்துவிட்டு, வந்த முதல் நாளே பழைய எடையில் கை வைப்பது. போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறியதும் உடல்தகுதித் தேர்வுக்கு நாள் நெருங்கிவிட்டதே என்று, இதுவரை கயிறே ஏறாதவர் தினமும் கயிறு ஏறுவது. முழங்கையின் உட்பக்கம் வலிக்கத் தொடங்கும்போது தேர்வு அடுத்த வாரம் இருக்கும். யாருக்கும் நிறுத்த மனசு வராது.

நான் சொல்லும் கணக்கு எளிது. மூன்று வாரம் விட்டிருந்தால், பழைய எடையில் அறுபது எழுபது சதவீதம், செட்டுகளில் பாதி என்று தொடங்கி, மூன்று வாரம் எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.

தசை, நாண் எல்லாம் சரியாக எந்த நொடியில் கிழிகிறது?

பெரும்பாலும் எடையைத் தூக்கும்போது அல்ல, இறக்கும்போது. ஜிம்மில் ‘நெகட்டிவ்’ என்கிறோமே, அந்தப் பாதியில். தசை சுருங்க முயன்றுகொண்டே வலுக்கட்டாயமாக நீளும் நேரம் அது. அதிலும் தசை முழுதாக நீண்டிருக்கும் கடைசி இடம்தான் மோசமானது.

பெஞ்ச் பிரஸ்ஸில் பார் மார்பைத் தொடப்போகும் அந்தக் கீழ்நிலையில்தான் மார்புத் தசையின் நாண் அறுகிறது. அநேகமாக எல்லோரும் 20 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆண்கள்.

டெட்லிஃப்ட்டில் ஒரு கை உள்நோக்கி, ஒரு கை வெளிநோக்கிப் பிடிக்கும் கலப்புப் பிடியில், உள்ளங்கை முன்னால் பார்க்கும் கைதான் ஆபத்தில் இருக்கிறது. அந்தக் கையைச் சற்றே மடக்கி ‘இழுக்க’ முயன்றால், முழங்கைக்குக் கீழே எலும்பில் ஒட்டியிருக்கும் பைசெப்ஸ் நாண் மொத்தப் பாரத்தையும் வாங்குகிறது. பிடி நழுவுகிறது என்றால் ஸ்ட்ராப் கட்டிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா வென்ற டோரியன் யேட்ஸுக்கு 1994இல் பைசெப்ஸ் கிழிந்தது, உள்ளங்கை முன்நோக்கிய பிடியில் பார்பெல் ரோ செய்யும்போது. 1997இல் போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு டிரைசெப்ஸும் போனது. அந்த ஆண்டும் வென்றார், அதோடு ஓய்வும் பெற்றார்.

பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிற ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உருண்டைக் கல்லைக் கைகளால் அணைத்து, முழங்கையை மடக்கி, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துத் தூக்குவது பைசெப்ஸ் நாணுக்கு அதே நெருக்கடிதான். வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் தூக்குகிற நாற்பது வயதுக்காரருக்கு நெருக்கடி இன்னும் அதிகம். கல்லை முதலில் தொடை மேல் ஏற்றி, பிறகு இடுப்பாலும் காலாலும் உந்தித் தோளுக்குக் கொண்டுபோகும் பழைய முறை சும்மா வந்ததல்ல.

மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. இது காயமா?

இது பயிற்சி வலி. காயத்திலிருந்து இதைப் பிரித்தறிய மூன்று விஷயம் பாருங்கள். பயிற்சி வலி உடனே வராது, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். தசை முழுக்கப் பரவியிருக்கும், ஒரு விரலால் ‘இங்கேதான்’ என்று காட்ட முடியாது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். காயமோ செய்துகொண்டிருக்கும்போதே சுருக்கென்று வரும். ஒரே பக்கம், ஒரே இடம். அந்தத் தசையை இறுக்கினாலும் வலிக்கும், நீட்டினாலும் வலிக்கும்.

லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலிக்கிறது என்று இன்னும் பல ஜிம்களில் சொல்கிறார்கள். அது பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து போய்விடும், மறுநாள் வலிக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்யும் அழற்சியும்தான் காரணம். அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்தால் வலி பாதிகூட இருக்காது.

சிறுநீர் கறுப்பு டீ மாதிரி போகிறது. பயிற்சி வலியோடு இதுவும் வருமா?

வராது. இது அவசரம். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

பழக்கமில்லாத உடம்புக்கு அளவுக்கு மீறிய வேலை கொடுத்தால் தசைச் செல்கள் கூட்டமாக உடைந்து, உள்ளிருக்கும் மயோகுளோபின் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். ராப்டோமயோலிசிஸ் என்பது இதன் பெயர். முதல் நாளே மாஸ்டர் வாங்கும் நூற்றுக்கணக்கான பஸ்கி, நண்பர்களோடு பந்தயம் கட்டிப் போட்ட தண்டால், சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் செய்த பயிற்சி, எதிலும் வரலாம். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தசை கல்லாக வீங்கி, தொட முடியாத வலியோடு பலம் குறைந்து, சிறுநீர் கோலா நிறத்தில் போகும். நிறம் மாறாமலும் வரலாம் என்பதால், வலியும் வீக்கமும் அளவுக்கு மீறி இருந்தாலே ரத்தத்தில் சிகே (தசை உடையும்போது ரத்தத்தில் கூடும் நொதி) என்ற அளவைப் பார்த்துவிட வேண்டும். சீக்கிரம் போனால் சலைன் ஏற்றிச் சரிசெய்துவிடுவார்கள். வலிக்கிறதே என்று வலி மாத்திரை விழுங்குவது இங்கே இரட்டை ஆபத்து, அவையும் சிறுநீரகத்துக்குப் பகை.

வார்ம்-அப் செய்ததும் வலி போய்விடுகிறது. அப்படியானால் பிரச்சினை இல்லைதானே?

தசைநாண் ஏமாற்றுவதே இப்படித்தான். காலையில் எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது விறைப்பு. ஜிம்மில் முதல் செட்டில் வலி, இரண்டாவதில் குறைவு, மூன்றாவதில் காணோம். ‘சூடேறினால் சரியாகிவிடுகிறது’ என்று எடையைக் கூட்டுகிறீர்கள். அன்று இரவோ மறுநாள் காலையோ பழைய வலி வட்டியோடு வருகிறது. இப்படி இரண்டு மூன்று வாரம் ஓடினால் அது நாண் பாதிப்பின் தெளிவான முன்னறிவிப்பு. பயிற்சியின்போது இருக்கும் வலியைவிட மறுநாள் காலை விறைப்புதான் நம்பத்தக்க அளவுகோல். அது வாரத்துக்கு வாரம் கூடுகிறதா, குறைகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு அடையாளம், வலி ஒரு விரல் நுனிக்குள் அடங்கும். முழங்கால் சிப்பிக்கு நேர் கீழே என்றால் ஸ்குவாட்டும் குதிப்பும் காரணம். முழங்கையின் வெளிப்புறம் என்றால் பிடியை இறுக்கும் எல்லாப் பயிற்சியும், உட்புறம் என்றால் புல்-அப்பும் கயிறும். தோளில் மட்டும் இந்த விதி அவ்வளவாகப் பொருந்தாது. தோளைச் சுழற்றும் தசைகளின் நாண் கெட்டால் வலி தோளில் இல்லாமல் மேல்கையின் வெளிப்பக்கம் இறங்கித் தெரியும், கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது நடுவில் ஒரு இடத்தில் பிடிக்கும், அந்தப் பக்கம் படுக்க விடாது. உட்காரும் எலும்பில், அதாவது நாற்காலியில் அழுந்தும் இடத்தில் வலி என்றால் தொடைப் பின்தசையின் நாண். ஆழமான டெட்லிஃப்ட்டுக்குப் பிறகு நீண்ட பேருந்துப் பயணம் நரகமாக இருந்தால் இதைச் சந்தேகப்படலாம்.

சத்தம் கேட்டது, ஆனால் பெரிதாக வலியில்லை. காத்திருந்து பார்க்கலாமா?

கூடாது. முழுதாக அறுந்த நாண் சில சமயம் பாதி அறுந்ததைவிடக் குறைவாக வலிக்கும், இழுபட அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்பதால். வலியைப் பார்க்காதீர்கள். வடிவத்தையும் வேலையையும் பாருங்கள்.

மார்பு: அக்குளின் முன்மடிப்பைக் கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மெலிந்தோ காணாமலோ போயிருந்தால் மார்பு நாண் அறுந்திருக்கலாம். கன்றல் மார்பில் தெரியாமல் மேல்கையில் இறங்கித் தெரியும், அதுவும் ஓரிரு நாள் கழித்து. ஆகவே நீலம் பாரிக்கவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பைசெப்ஸ்: தசை மேலே சுருண்டு, முழங்கை மடிப்புக்கு மேல் பள்ளம் விழுந்திருந்தால் கீழ் நாண் போயிருக்கிறது. முழங்கையை மடக்கி, உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பி, மறுகை ஆள்காட்டி விரலை வெளிப்பக்கத்திலிருந்து நாணுக்கு அடியில் கொக்கி போல மாட்டிப் பாருங்கள். நல்ல கையில் கம்பி மாதிரி சிக்கும், அறுந்த கையில் சிக்காது. அறுவை செய்யாமல் விட்டால் கையைத் திருப்பும் வலுவில் சுமார் 40 சதவீதமும் மடக்கும் வலுவில் சுமார் 30 சதவீதமும் இழக்க நேரிடும். திருப்புளி பிடிக்கும் தொழில் செய்பவருக்கு இது சோற்றுப் பிரச்சினை. இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்தால் அறுவை எளிது, தள்ளிப்போனால் நாண் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். மாறாக, தோள் பக்கத்து நாண் அறுந்து தசை கீழே உருண்டு தொங்கினால், பார்க்க விகாரமாக இருந்தாலும் பலருக்கு அறுவையே தேவைப்படாது.

முழங்கால்: மல்லாந்து படுத்து, காலை மடக்காமல் நேராகத் தூக்க முடியவில்லை என்றால் சிப்பிக்கு மேலோ கீழோ உள்ள நாண் அறுந்திருக்கலாம். அன்றைக்கே எலும்பு மருத்துவர்.

குதிகால்: குப்புறப் படுத்துப் பாதத்தைக் கட்டில் விளிம்புக்கு வெளியே விட்டு, கெண்டைக்காலை யாரையாவது பிசையச் சொல்லுங்கள். பாதம் அசைய வேண்டும். அசையாவிட்டால் நாண் போயிற்று. ‘யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை’ என்பது இந்தக் காயத்தின் வழக்கமான வாக்குமூலம்.

தசைக் காயம் போலத் தோன்றி வேறு ஏதாவதாக இருக்க வாய்ப்புண்டா?

உண்டு, சில ஆபத்தானவை. நடு மார்பில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை: இது பெஞ்ச் பிரஸ் வலி இல்லை, இதயமாக இருக்கலாம். கை முழுவதும் வீங்கி, கனத்து, நீலம் பாய்ந்து, தோள் மேல் நரம்புகள் புடைத்துத் தெரிந்தால் அக்குள் வழியே போகும் பெரிய சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். தோள் பயிற்சியில் தீவிரமாக இருக்கும் இளைஞர்களுக்கு இது வருவதுண்டு. முதுகு வலியோடு கால் மரத்துப்போய், சிறுநீர் கழிப்பதிலும் சிக்கல் என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவு.

நோய்க்காகச் சாப்பிடும் மாத்திரைக்கும் நாணுக்கும் சம்பந்தம் உண்டா?

பலமான சம்பந்தம். அதிகம் பேசப்படாத காரணமும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் என்று ‘ஃப்ளாக்சசின்’ அல்லது ‘ஃப்லாக்சசின்’ என முடியும் ஆன்டிபயாடிக் குடும்பம் தசைநாணைப் பலவீனப்படுத்தக் கூடியது. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2008இல் இந்த மருந்துகளின் உறையில் நாண் அறுபடும் அபாயம் பற்றிக் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. அதிகம் பாதிக்கப்படுவது குதிநாண். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், கூடவே பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் அபாயம் கூடுதல். மாத்திரை தொடங்கிய ஓரிரு நாளிலும் வரலாம், முடித்துப் பல வாரம் கழித்தும் வரலாம்.

நம் ஊரில் வயிற்றுப்போக்குக்கும் நீர்க்கடுப்புக்கும் மருந்துக்கடையில் வாய்ச்சொல்லாகக் கேட்டாலே கையில் வருவது பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். தேவை இருந்து மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சாப்பிடத்தான் வேண்டும். அந்த நாட்களிலும் அடுத்த சில வாரங்களிலும் குதிப்பு, வேக ஓட்டம், உச்ச எடை மூன்றையும் தள்ளிவையுங்கள். குதிகாலிலோ தோளிலோ புதிதாக வலி வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள், மருந்தை மாற்றுவார்.

கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் சிலருக்குத் தசை வலி தரும். அது இரண்டு தொடையிலும் தோளிலும் சமமாக இருக்கும். தானாக நிறுத்தாதீர்கள், இதயத்துக்கு அது காவல்.

சர்க்கரை இருப்பவர்கள், புகைப்பவர்கள், ‘ஊசி’ போடுபவர்கள்?

ரத்தச் சர்க்கரை நீண்டகாலம் கூடுதலாக இருந்தால் கொலாஜன் இழைகளுக்கிடையே தேவையற்ற இணைப்புகள் உருவாகி நாண் தடித்து, நெகிழ்வை இழக்கும். சர்க்கரைக்காரர் எடைப்பயிற்சி செய்யக் கூடாது என்பதல்ல, அவருக்கு அது மருந்துக்குச் சமம். எடையைக் கூட்டும் வேகத்தை மட்டும் பாதியாக்க வேண்டும். அவருக்குத் தோள் வலித்தால் உறைதோளும் சந்தேகப் பட்டியலில் இருக்க வேண்டும். இன்னொருவர் பிடித்துக் கையை வெளிப்பக்கம் திருப்பினாலும் திரும்பாமல் பூட்டிக்கொள்வது அதன் குணம்.

புகை, பைசெப்ஸ் கீழ் நாண் அறுபடுவதோடு நெருங்கிய தொடர்புடையது. இன்னொன்று: குதிநாண் இரண்டும் கெட்டியாகத் தடித்து முடிச்சு முடிச்சாக இருந்தால் கொலஸ்ட்ரால் பாருங்கள். பரம்பரைக் கொழுப்பு நோய் அங்கே படிந்து காட்டிக்கொடுப்பதுண்டு.

அனபாலிக் ஸ்டீராய்டு பற்றி ஜிம்மில் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். தசை மாதங்களில் பெருக்கிறது, நாண் கூடவே வருவதில்லை. மார்பு நாண் அறுந்து வருபவர்களில் இந்த ஊசிப் பழக்கம் அடிக்கடி காணப்படுவதில் ஆச்சரியமில்லை. ‘புரோட்டீன் ஊசி’ என்று சொல்லிப் போட்டுவிடுகிறவரிடம் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், அவர் முகமே பதில் சொல்லிவிடும்.

எண்ணெய் போட்டு நீவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

வெறும் பிடிப்புக்கு நீவுவது இதமாக இருக்கும், தடையில்லை. ஆனால் புதிதாகக் கிழிந்த தசையை முதல் சில நாட்களில் அழுத்தி நீவினால் ரத்தக்கசிவு கூடும். குறிப்பாகத் தொடையில் அடிபட்டு ரத்தம் கட்டியிருந்தால் பலமாகத் தேய்க்கவே கூடாது, தசைக்குள் எலும்பு முளைக்கும் விபரீதம் உண்டு. அறுந்த நாணை எந்த நீவலும் எந்தக் கட்டும் ஒட்டவைக்காது. கட்டுப் போட்டு ஆறு வாரம் காத்திருந்துவிட்டு மருத்துவரிடம் வந்தால் போனது அந்த ஆறு வாரமும்தான்.

ஐஸ் வலியைக் குறைக்கும், ஆறுவதை வேகப்படுத்தாது. ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978இல் பரப்பிய கேப் மிர்கின் என்ற மருத்துவரே பிற்காலத்தில் ஐஸ் ஆறுதலைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். முதல் நாளில் துணி சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

வலி மாத்திரை போட்டுவிட்டுப் பயிற்சி செய்யலாமா?

வேண்டாம். வலி இல்லாவிட்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

அப்படியானால் முழு ஓய்வுதான் வழியா?

தசை கிழிந்திருந்தால் சில நாள் ஓய்வு, பிறகு மெல்ல அசைவு. நாண் வலிக்கு முழு ஓய்வு நல்லதல்ல. சும்மா வைத்திருந்தால் வலி அடங்கும், நாணின் பலமும் கூடவே இறங்கும், திரும்பி வந்ததும் அதே கதை. நாணுக்கு மருந்து சுமைதான், அளவு தெரிந்த சுமை.

குதிநாண் வலிக்கு 1998இல் ஸ்வீடனின் ஆல்ஃபிரெட்சன் குழு வெளியிட்ட முறை இன்றும் பயன்படுகிறது. படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்குவது, 15 ரெப்பாக, நேராக வைத்த முழங்காலுடன் மூன்று செட், சற்று மடக்கிய முழங்காலுடன் மூன்று செட், தினம் இரண்டு வேளை, 12 வாரம். இவ்வளவும் செய்ய நேரமில்லாதவர்களுக்கு, வாரம் மூன்று நாள் கனமான எடையை மிக நிதானமாக ஏற்றி இறக்கும் முறையும் கிட்டத்தட்ட அதே பலனைத் தருகிறது. முழங்கால் நாண் அசைக்கவே வலிக்கும் கட்டத்தில், முழங்காலை மடக்கிய நிலையில் அசையாமல் 45 நொடி தாங்கிப் பிடிப்பதை ஐந்து முறை செய்தால் சிலருக்கு வலி தணியும்.

எவ்வளவு வலி வரை பொறுக்கலாம்? பத்துக்கு மூன்று நான்கு வரை இருக்கலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் நேற்றைய சுமை அதிகம், அவ்வளவுதான். குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடும் பயிற்சிக்குப் பின் முதல் ஒன்றரை நாள் வரை நாணில் கொலாஜன் கட்டப்படுவதைவிடச் சிதைவது அதிகம், அதன் பிறகே கணக்கு லாபத்துக்குத் திரும்புகிறது. அதே இடத்துக்கு அடுத்தடுத்த நாள் கனமான வேலை கொடுக்க வேண்டாம் என்பது இதனால்தான்.

எம்ஆர்ஐ எடுத்துவிட்டால் தெளிவாகத் தெரிந்துவிடுமே?

அறுந்ததாகச் சந்தேகம் இருந்தால் எடுக்கத்தான் வேண்டும், பல நாண்களுக்கு அல்ட்ராசவுண்டே போதும். நாள்பட்ட வலிக்கு ஸ்கேன் குழப்பவும் செய்யும். நாற்பது வயதுக்கு மேல் வலியே இல்லாத தோள்களிலும் நாணில் தேய்வும் சிறு கிழிசலும் தெரிவது சகஜம். அறிக்கையில் ‘பகுதிக் கிழிசல்’ என்று படித்துவிட்டு அன்றிலிருந்து கையைத் தூக்கப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கை என்ன செய்கிறது, என்ன செய்ய மறுக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் அறிக்கைக்கு அர்த்தம் சொல்ல வேண்டும்.

போட்டி வீரர்கள் காயத்தோடு தூக்கிப் பதக்கம் வாங்குகிறார்களே?

வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் நல்ல உதாரணம். தேசியப் போட்டியில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 194 கிலோவை முயன்றபோது தொடையின் முன்தசையில் காயம். அது முழுதாக ஆறாமலேயே 2018இல் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டிக்குப் போய், 77 கிலோ பிரிவில் 144, 173 என்று தூக்கி, மொத்தம் 317 கிலோவில் தங்கம் வாங்கினார். எல்லோரும் ‘காயத்தோடு தூக்கினார்’ என்பதைத்தான் சொல்கிறார்கள். எனக்குப் படுவது 194க்கும் 173க்கும் உள்ள 21 கிலோ இடைவெளி. ஆடியதும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் மேடை. செவ்வாய்க்கிழமை மாலை ஜிம்மில் அப்படி ஒரு மேடை இல்லை.

ஸ்ட்ரெட்ச், பெல்ட், மசாஜ் கன்: இவை காயத்தைத் தடுக்குமா?

பயிற்சிக்கு முன் நீட்டிப் பிடிப்பது மறுநாள் வலியை உருப்படியாகக் குறைப்பதில்லை. அதே பயிற்சியை வெறும் பாரோடு தொடங்கிப் படிப்படியாக எடை கூட்டுவதே நல்ல வார்ம்-அப். பெல்ட் உச்ச எடையில் உதவும், நாணைக் காப்பாற்றாது. மசாஜ் கன் சுகம்.

பழைய எடைக்கு எப்போது திரும்பலாம்?

லேசான தசை இழுப்பு என்றால் ஒன்று முதல் மூன்று வாரம். கிழிசல் பெரிதானால் ஒன்றிரண்டு மாதம். நாள்பட்ட நாண் வலிக்குக் குறைந்தது மூன்று மாதம் ஒதுக்குங்கள், ஆறும் ஆகலாம். மார்பு நாணோ பைசெப்ஸ் நாணோ அறுவை செய்து தைத்திருந்தால் மூன்றாம் மாதம் போல லேசான எடை, உச்ச எடை ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு, அதுவும் அறுவை செய்தவர் சரி என்றால்.

நாட்காட்டியைவிட நல்ல அளவு ஒன்று உண்டு. அடிபட்ட பக்கமும் அடிபடாத பக்கமும் தனித்தனியாக, ஒரே டம்பெல், நான்கு நொடி எடுத்து இறக்குங்கள். இரண்டும் ஒரே எண்ணிக்கை ரெப் தாங்கி, அடுத்த நாள் காலை இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அடுத்த வாரம் பக்கத்துக்கு இரண்டரை கிலோ பிளேட் போடுங்கள்.